நெடுஞ்சாலையில் காசு கொடுக்காமல் நிழலில் உட்கார ஓர் இடம்: இது யாருடைய யோசனை?

கொளத்தூர்க்காரி எழுதியது:

போன ஞாயிறு அம்மாவை அழைத்துக்கொண்டு கொளத்தூரிலிருந்து திருச்சிக்குக் காரில் போனோம். அம்மாவுக்கு 74 வயது. சர்க்கரை உண்டு, இரண்டு முழங்காலும் மக்கர். மணிக்கொரு தடவை இறங்கி நாலடி நடக்கவில்லை என்றால் கால் வீங்கிவிடும். புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டுதான் கிளம்பினோம். பெருங்களத்தூர் தாண்டியதும் நிறுத்த இடம் தேட ஆரம்பித்தேன், விழுப்புரம் நெருங்கும்வரை தேடிக்கொண்டே போனேன்.

மரம் இருக்கும் இடத்தில் வண்டியை ஓரம்கட்ட முடியவில்லை. ஓரம்கட்ட முடிந்த இடத்தில் ஒரு செடிகூட இல்லை. கடைசியில் ஒரு பெரிய ஓட்டலின் வாசலில் நிறுத்தினோம். உள்ளே "வெளி உணவுக்கு அனுமதி இல்லை" என்று போர்டு. இரண்டு காபி வாங்கிக்கொண்டு அம்மா மட்டும் சாப்பிடட்டுமா என்று கேட்டேன், மேனேஜர் தலையாட்ட மறுத்துவிட்டார். அம்மா காரின் கதவைத் திறந்துவைத்து, மடியில் தட்டை வைத்துச் சாப்பிட்டாள். "உங்க தாத்தாவோட மாட்டுவண்டியில உத்திரமேரூர்லேர்ந்து மதுராந்தகம் போறப்பகூட இறங்கி உட்கார்ந்து சாப்பிட்டிருக்கேன்டி. இப்ப கார்ல வந்து கார்லயே சாப்பிடறேன்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது.

திருச்சி போய்ச் சேர்ந்து இதைக் குடும்ப வாட்ஸ்அப்பில் புலம்பியதும், டெக்சாஸில் இருக்கும் சித்தி பையன் ஒரு படம் அனுப்பினான். சாலையோரம் ஓர் ஓக் மரம், அடியில் கல்லால் கட்டிய மேஜை, பெஞ்சு. கடை இல்லை, கேட் இல்லை, கட்டணம் இல்லை. 1930களில் கட்டியதாம். இப்படி ஓர் இடத்தை முதலில் யார் யோசித்தார்கள்? நம் பக்கம் இப்படி எதுவுமே இருந்ததில்லையா? இருந்தது என்றால் எங்கே போனது?

மாதவரம் லாரி எழுதியது:

பாத்ரூம் அவசரம் என்றால் டோல்கேட்டில் இருக்கிறது அக்கா, காசு கிடையாது. பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி எல்லாவற்றிலும் பார்த்திருக்கிறேன். சுத்தம் அன்றன்றைய அதிர்ஷ்டம்.

உட்காரும் இடம் பற்றிக் கேட்காதீர்கள். நாங்களே லாரிக்கு அடியில் தூளி கட்டிப் படுக்கிறவர்கள். 1961ஆம் வருடத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்தில், தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, நடுவில் அரைமணியாவது ஓய்வு தர வேண்டும் என்று எழுதியிருந்தது. எங்கே போய் அந்த அரைமணியைக் கழிப்பது என்று எழுதவில்லை. லாரி நிறுத்த ரோட்டோரம் அகலப்படுத்திக் கொடுத்திருக்கிறார்கள், நான் பார்த்த வரையில் நிழல் கிடையாது. மே மாதம் மதியம் அங்கே நிறுத்தினால் தார் செருப்போடு ஒட்டும்.

நங்கநல்லூர் ரோடுக்காரன் எழுதியது:

கேள்வியைப் படித்ததும் காபியைக் கீழே வைத்துவிட்டேன் அம்மா. முப்பது வருடத்துக்கு மேல் ரோடு அளந்தவன், இப்போது வயது 71. நீண்டுவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2017இல் அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்தில் பையன் வீட்டில் மூன்று மாதம் இருந்தோம். மருமகள் நயாகரா போகலாம் என்றாள். நான், ஒரு மேஜையைப் பார்க்க வேண்டும் என்றேன். லான்சிங்கிலிருந்து கிராண்ட் ராபிட்ஸ் போகும் பழைய சாலையில், சரனாக் என்ற ஊருக்குத் தெற்கே அந்த இடம். 1929இல் அயோனியா மாவட்டத்தின் ரோடு இன்ஜினியர் ஆலன் வில்லியம்ஸ் சாலையோரத்தில் ஒரு சாப்பாட்டு மேஜை போட்டார். ஒரு குடும்பம் வெட்டிப்போட்ட மரத்தின் அடிக்கட்டையில் சாப்பாட்டைப் பரப்பிக்கொண்டு திண்டாடியதைப் பார்த்தாராம், அதிலிருந்து வந்த யோசனை என்று சொல்கிறார்கள். சாலைத் தடுப்பிலிருந்து கழித்த பழைய பலகையிலேயே மேஜை செய்துவிட்டார். டெண்டர் இல்லை, எஸ்டிமேட் இல்லை! அந்த இடத்தில் நினைவுப் பலகை வைத்திருக்கிறார்கள். மருமகள் காரைவிட்டு இறங்கவே இல்லை.

இதில் ஒரு தகராறும் உண்டு. அதே மிச்சிகனின் வடக்கு மூலையில் அயர்ன் மாவட்டம், அங்கே ஹெர்பர்ட் லார்சன் என்று இன்னொரு ரோடு இன்ஜினியர். அவர் சொன்னதைக் கேட்டு 1918இல் அந்த மாவட்டம் சாலையை ஒட்டிய 320 ஏக்கர் கன்னிக்காட்டை விலைக்கு வாங்கியது. அடுத்த வருடமே அங்கே மேஜைகள் போட்டு இளைப்பாறும் பூங்கா ஆக்கினார்கள். ஆகவே முதல் பூங்கா எங்களுடையது என்று அவர்கள் பலகை வைத்திருக்கிறார்கள். ஒரே மாநிலத்துக்குள் இரண்டு பலகை. நம் ஊரில் பக்கத்துப் பக்கத்து ஊர்க் கோயில்கள் எங்கள் சாமிதான் மூத்தவர் என்று சொல்லிக்கொள்வதை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

உங்கள் தம்பி அனுப்பிய படம் வேறு கதை. 1930களில் அங்கே பெரும் பஞ்சம் போல வேலை இல்லாத காலம். படிப்பும் நின்று வேலையும் கிடைக்காத இளைஞர்களுக்காக 1935இல் தேசிய இளைஞர் நிர்வாகம் என்று ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். டெக்சாஸில் அதற்குத் தலைவராகப் போடப்பட்டவருக்கு அப்போது 26 வயது. பெயர் லிண்டன் ஜான்சன், பிற்பாடு ஜனாதிபதியானாரே, அவர்தான். பையன்களுக்கு என்ன வேலை கொடுப்பது? பெரிய இயந்திரம் வேண்டாம், கல்லும் சிமெண்டும் கைவேலையும் போதும் என்று தேடியதில் அகப்பட்டது சாலையோரப் பூங்கா. உங்கள் படத்தில் இருக்கும் கல்மேஜை அந்தக் கைகளின் வேலையாக இருக்கலாம். 1938இல் வந்த நெடுஞ்சாலைச் சட்டம், சாலைக்குக் கொடுக்கும் மத்தியப் பணத்தில் இதுபோன்ற வசதிகளும் செய்துகொள்ளலாம் என்று அனுமதித்தது. அதுவரை சொந்த ஆர்வமாக இருந்தது அதன்பிறகுதான் ரோடு கணக்குக்குள் வந்தது.

கடை ஏன் இல்லை என்றும் கேட்பீர்கள். 1956க்குப் பிறகு மாநிலம் விட்டு மாநிலம் போகும் இன்டர்ஸ்டேட் சாலைகள் போட்டபோது ஊர்களை எல்லாம் விலக்கிக்கொண்டு சாலை போனது. ஊருக்குள் ஓட்டலும் பெட்ரோல் பங்க்கும் வைத்திருந்தவர்கள், சாலைக்குள்ளேயே அரசாங்கம் கடை திறந்தால் எங்கள் கதி என்ன என்றார்கள். அதனால் அந்தச் சாலைகளின் ஓய்விடங்களில் வியாபாரம் கூடாது என்று சட்டம். கழிப்பறை, மேஜை, மரம், குடிநீர், அவ்வளவுதான். பிற்பாடு காசு போட்டால் பிஸ்கெட் விழும் மெஷினுக்கு அனுமதி வந்தது, அதையும் நடத்த முதல் உரிமை பார்வையற்றவர்களுக்கு. அதற்கு முன்பே போட்ட சில சுங்கச் சாலைகளில் மட்டும் ஓட்டல் உண்டு. 1940இல் திறந்த பென்சில்வேனியா டர்ன்பைக் அப்படி ஒன்று.

அங்கே எல்லாம் சொர்க்கம் என்று நினைத்துவிட வேண்டாம். 2009இல் வர்ஜீனியா மாநிலம் செலவைக் குறைக்க 19 ஓய்விடங்களை ஒரே அடியாக மூடியது. ஜனங்கள் கத்திய கத்தில் அடுத்த வருடம் திறந்தார்கள்.

சரி, நம் கதைக்கு வருகிறேன். இருந்ததில்லையா என்று கேட்டீர்கள். நமக்கு அது பூங்காவாக இருந்ததில்லை, சாலையிலேயே கலந்து கிடந்தது. ஆலமரம் நட்டேன், மாந்தோப்பு வைத்தேன், கிணறு வெட்டினேன், தங்கும் இடம் கட்டினேன், ஆடுமாடுக்கும் மனிதருக்கும் என்று அசோகர் தூணில் வெட்டிவைத்தது எல்லோரும் பள்ளியில் படித்ததுதான். தருமபுரிப் பக்கம் கிடைத்த அதியமான் பெருவழிக் கல்லைப் பார்த்திருக்கிறீர்களா? நாவல்தாவளத்துக்கு இத்தனை காதம் என்று எழுதி, எழுத்துத் தெரியாதவன் தடவிப் பார்த்துக்கொள்ளக் குழிகளும் போட்டிருக்கிறார்கள். தாவளம் என்றால் வணிகர் கூட்டம் இறங்கித் தங்கும் இடம். மைல்கல் அடுத்த ஊரைச் சொல்லாமல் அடுத்த தங்குமிடத்தைச் சொல்கிறது, ரோடுக்காரனுக்கு இது போதும் புல்லரிக்க.

17ஆம் நூற்றாண்டின் கடைசியில் மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் சாலையும் சத்திரமும் சேர்த்தே போட்டாள். தஞ்சாவூர் மராட்டியர்கள் ராமேசுவரம் போகும் வழியில் வரிசையாகச் சத்திரம் கட்டினார்கள். ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரம் 1802இல் வந்தது. வழிப்போக்கருக்குச் சாப்பாடு, நோயாளிக்கு மருந்து, வழியில் பிரசவமானால் தாய்க்குப் பராமரிப்பு, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். இவ்வளவுக்கும் காசு எங்கிருந்து வந்தது? கிராமங்களை எழுதிவைத்திருந்தார்கள். சத்திரத்துக்குப் பின்னால் நிலம் இருந்தது. அந்த நிலத்தின் வருமானம் கைமாறிய இடங்களில் அடுப்பும் அணைந்தது.

சென்னைக்காரர்கள் இதற்காகத் தஞ்சாவூர் போக வேண்டாம். பெங்களூர் ரோட்டில் ஸ்ரீபெரும்புதூர் தாண்டிச் சுங்குவார்சத்திரம், காஞ்சிபுரம் தாண்டிப் பாலுசெட்டிசத்திரம். இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு நாள் நடை. பெயர் மட்டும் பஸ் போர்டில் இருக்கிறது. 1856 ஜூலையில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓடியதும், அந்த வழியில் நடக்கிற கூட்டம் அரக்கோணம் பக்கமாக உட்கார்ந்தபடியே போய்விட்டது. அப்புறம் சத்திரம் கட்ட நினைத்தவர்கள் ஸ்டேஷன் வாசலில் கட்டினார்கள். சென்ட்ரலுக்கு எதிரே ராமசாமி முதலியார் சத்திரத்தைப் பார்த்திருப்பீர்கள்.

சாலையில் மிஞ்சியது புளியமரம்தான். உங்கள் அம்மா உட்கார்ந்தது அதன் அடியில்தான் இருக்கும். நான் வேலையில் சேர்ந்தபோது ஒவ்வொரு மரத்துக்கும் நம்பர் உண்டு, வெள்ளையும் கறுப்புமாகப் பட்டை உண்டு. காய்க்கிற காலத்தில் மகசூலை ஏலம் விடுவோம். நிழல் இலவசம், பழத்துக்குத்தான் காசு. மாட்டை அவிழ்த்துக் கட்டி, மூன்று கல் கூட்டிச் சோறு பொங்குவார்கள். இருட்டுவதற்குள் கிளம்பிவிடுவார்கள், புளியமரத்தில் பேய் இருக்கிறதே.

நாலு வழிச் சாலை வந்தபோது அந்த மரங்களை எண்ணிச் சிவப்பு மை போட்டவர்களில் நானும் ஒருவன். இதை மறைக்க விரும்பவில்லை. சாலை அகலமானால் மரம் நிற்காது, அது தெரிந்ததுதான். என் வருத்தம் வேறு. வளைவை நிமிர்த்தும்போது பழைய சாலையின் துண்டு ஒன்று வில் போல ஒதுங்கி நிற்கும். அரசாங்க நிலம், தார் போட்டது, இருபுறமும் மரம். அமெரிக்காவில் பல சாலையோரப் பூங்காக்கள் அப்படி ஒதுங்கிய துண்டில் உருவானவைதான். என் வேலை எல்லையில் அப்படி ஒரு துண்டு இருந்தது, இருநூறு மீட்டர் நீளம், ஏழு புளியமரம், ஓர் அடிபம்பு. இதை அப்படியே விட்டுவைத்து நாலு சிமெண்ட் பெஞ்சு போடலாம் என்று ஒரு பக்கத்தில் குறிப்பு எழுதி, கையால் படமும் வரைந்து மேலே அனுப்பினேன். "இத்திட்டத்தின் வரையறைக்குள் வராது" என்று ஒற்றை வரியில் திரும்பி வந்தது. மரம் வெட்டுவது வரையறைக்குள் வந்தது. அந்தத் துண்டில் இப்போது ஜல்லி கொட்டிவைத்திருக்கிறார்கள்.

இப்போது மத்திய அரசு திட்டம் வைத்திருக்கிறது. 2021இல், 22 மாநிலங்களில் 600க்கும் மேற்பட்ட இடங்களில் வழியோர வசதிகள் வரும், 30 முதல் 50 கிலோமீட்டருக்கு ஒன்று என்று அறிவித்தார்கள். பெட்ரோல் பங்க், மின்வண்டி சார்ஜிங், உணவகம், லாரி ஓட்டுநருக்குப் படுக்குமிடம் எல்லாம் பட்டியலில் உண்டு. நல்லதுதான். குத்தகை எடுத்தவர் வாசலில் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிக்கலாமா என்பதுதான் நீங்கள் கேட்கும் கேள்வி. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

குமணன்சாவடி எழுதியது:

ரோடுக்காரர் சார் சத்திரத்தைச் சொன்னார், சாவடியை விட்டுவிட்டார். எங்கள் ஊர்ப் பெயருக்கு மரியாதை வேண்டாமா?

சாவடி என்றால் வழிப்போக்கர் தங்கும் பொது இடம். வெள்ளைக்காரன் அதைத்தான் சவுல்ட்ரி என்றான். இன்றைய அண்ணா சாலையையும் தேனாம்பேட்டையையும் ஒட்டிய வெளிக்கு அந்தக் காலத்து வரைபடங்களில் சவுல்ட்ரி ப்ளெய்ன் என்று பெயர். ஒரு சாவடியால் வந்த பெயர். சென்னையின் விலையுயர்ந்த மனைகளில் பாதி அந்தச் சாவடி வெளியில்தான் நிற்கிறது. இன்றைக்குச் சாவடி என்று சொல்லிப் பாருங்கள், ஞாபகத்துக்கு வருவது சுங்கச்சாவடி ஒன்றுதான். தங்கவைத்த இடத்தின் பெயரை, நிறுத்திக் காசு வாங்கும் இடம் எடுத்துக்கொண்டது. ஃபாஸ்டேக் வந்தபின் நிற்கவும் வேண்டாம்.

வடமராட்சியான் எழுதியது:

நான் இருபது வருசமாக வளசரவாக்கத்தில் இருக்கிறேன், சொந்த இடம் இலங்கையில், யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறை. எங்கட ஊரில் தெருமூடி மடம் என்று ஒன்று நிற்கிறது. பெயரே சொல்லும், தெருவை மூடிக் கட்டிய மடம். கல் தூண், மேலே கூரை, இரண்டு பக்கமும் திண்ணை, நடுவால தெரு போகும். சைக்கிளும் வாகனமும் மடத்துக்குள்ளாலதான் போய்வரும். ஒதுங்குவதற்குச் சாலையை விட்டு விலகவே தேவையில்லை.

பழைய வீதிகளில் மடம், கேணி, சுமைதாங்கி, ஆவுரஞ்சிக்கல் நாலும் பெரும்பாலும் கிட்டக்கிட்ட இருக்கும். மனிசருக்கு மடம், தாகத்துக்குக் கேணி, தலைச்சுமையை இறக்க ஆள் இல்லாதவருக்குச் சுமைதாங்கி. மாடு உடம்பு உரஞ்சிக்கொள்ள ஒரு கல் நட்டு வைத்தார்கள் பாருங்கோ, அதுதான் ஆவுரஞ்சி. தமிழ்நாட்டிலும் சுமைதாங்கி கண்டிருக்கிறேன். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக வைப்பது என்று இரண்டு கரையிலும் ஒரே கதைதான். பிள்ளைச் சுமையை இறக்காமலே போனவளுக்காக, மற்றவர் சுமையை இறக்க ஒரு கல்.

நங்கநல்லூர் ரோடுக்காரன் எழுதியது:

வடமராட்சியான் தம்பி, தெருமூடி மடத்தைப் பற்றி இன்றுதான் தெரிந்துகொண்டேன். மதியம் முழுக்க அதன் படங்களைத்தான் பார்த்தேன்.

ஒன்று சேர்க்க மறந்தேன். ஜப்பானில், ரயிலுக்கு ஸ்டேஷன் இருப்பதுபோல ரோட்டுக்கும் ஒன்று இருந்தால் என்ன என்று யோசித்து 1993இல் மிச்சி நோ எக்கி தொடங்கினார்கள். சாலை நிலையம் என்று பொருள். 24 மணி நேரமும் கழிப்பறையும் வண்டி நிறுத்தமும் இலவசம், கூடவே சுற்றுவட்டார விவசாயிகள் காய்கறியைக் கொண்டுவந்து விற்கலாம். இப்போது ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. உத்திரமேரூர்க் கத்திரிக்காயை அப்படி ஓர் இடத்தில் வாங்கினால் எப்படி இருக்கும்!

கொளத்தூர்க்காரி அம்மா, அடுத்த தடவை மதுராந்தகத்தில் பைபாஸைப் பிடிக்காதீர்கள். பழைய ரோட்டில் ஊருக்குள் இறங்கினால் ஏரிகாத்த ராமர் கோயில் வரும். அந்தப் பக்கம் நிழல் இருக்கும், பொட்டலத்தைப் பிரித்தால் யாரும் கேட்க மாட்டார்கள். சாப்பிட்ட இலையை மட்டும் வண்டியில் எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

கொளத்தூர்க்காரி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ரோடுக்காரர் சார், நேற்று திரும்பும்போது நீங்கள் சொன்னபடி மதுராந்தகத்தில் இறங்கினோம். அம்மா கால் நீட்டி உட்கார்ந்து, ஒரு வாய் கூடவே சாப்பிட்டாள்.

சுமைதாங்கி பற்றிப் படித்துக் காட்டினேன். "எங்க ஊர் முக்குலயே ஒண்ணு இருந்துதே, வண்டியைத் திருப்பு" என்றாள். உத்திரமேரூர் ரோட்டில் இருபது நிமிடம் அலைந்தோம். அம்மா சொன்ன ஆலமரம் இல்லை, அதை வைத்துத்தான் வழி சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒரு வெள்ளரிப்பிஞ்சு விற்கிற அம்மா காட்டினாள், காட்டினாள் என்ன, அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தாள். நிற்கும் கல் இரண்டில் ஒன்று சாய்ந்து, குறுக்குக் கல் தரையில் கிடக்கிறது. பெஞ்சு உயரம்தான் இருக்கிறது. அவள் கூடையை நகர்த்தி இடம் கொடுத்தாள். அம்மா உட்கார்ந்து பத்து ரூபாய்க்குப் பிஞ்சு வாங்கி அங்கேயே தின்றுவிட்டு, கல்லில் ஏதாவது எழுத்து இருக்கிறதா என்று கையால் தடவித் தடவிப் பார்த்தாள். படம் எடுத்திருக்கிறேன், ஏற்ற மறுக்கிறது. இரவு மறுபடி முயற்சி செய்கிறேன். கல்லின் பக்கவாட்டில் மூன்று வரி மாதிரித் தெரிகிறது, யாராவது படிக்க முடிந்தால் சொல்லுங்கள், அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.